கவர் பிரிக்காத வண்டி

பிள்ளைப்பாக்கம் போகிற ரோட்டில் கோதண்டம் பழைய கார் விற்கிற இடத்துக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு நீளத் தகரக் கொட்டகை. முன்னால், முகம் கழுவிப் பவுடர் போட்டு நிறுத்தின மாதிரி சில வண்டிகள். பின்னால், எந்தப் பவுடருக்கும் அடங்காதவை. முன்னால் நிற்கிற எல்லா வண்டிக்கும் ஒரே வரலாறுதான். ஒரு டாக்டர் வைத்திருந்தார். வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து வீடு. அவ்வளவுதான் ஓடியது.

“இந்த ஏரியாவுல மொத்தம் எத்தன டாக்டரு அண்ணாச்சி?” என்று கேட்டான் சுடலைக்கண்ணு. “எல்லாவனும் வண்டிய வித்துட்டு நடந்தா போறான்?”

“இன்னா நைனா நீ. டாக்டரு பெரிய வண்டி வாங்கிக்கினு பூட்டாரு, சின்னது நம்ம கைக்கு வந்துச்சி. ஊர்ல சீக்காளிங்க இருக்கிற வரிக்கும் டாக்டருங்க வண்டி மாத்திக்கினேதான இருப்பாங்கோ?”

சுடலைக்கண்ணு ஒரு டயரை உதைத்தான். கார் பற்றி அவனுக்குத் தெரிந்த ஒரே பரிசோதனை அது. அவன் வண்டி வாங்க வரவில்லை. ஒரகடத்தில் தன்னோடு ஒரே கம்பெனியில் ஒரே பிரஸ் லைனில் நிற்கிற பெருமாள்சாமிக்குத் துணையாக வந்திருந்தான். வாங்க வந்தவனோ எதையும் உதைக்கவில்லை. வெள்ளை நிறச் சின்ன வண்டி ஒன்றின் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாவியைப் பாதி திருப்பி, மீட்டருக்குள் எரிகிற சிவப்பு விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வண்டி பாக்க வந்தியா சார், பொண்ணு பாக்க வந்தியா?” என்றார் கோதண்டம். “இவ்ளோ நேரமா உக்காந்து மொறைக்கிற?”

“ஏர்பேக் லைட்டு எரிஞ்சு அணையுதான்னு பாக்கேன்.”

“பலூன் தான? ரெண்டும் கீது சார். டிரைவருக்கு ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு. எவன் கைய்யும் படாதது.”

“இடிச்சா என்னாவும்?”

கோதண்டம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். மைலேஜ் கேட்பார்கள், ஏ.சி. கேட்பார்கள், பாட்டுப்பெட்டி சத்தம் கேட்பார்கள். இப்படி ஒரு கேள்வியைக் கேட்டவன் அந்தக் கொட்டகைக்குள் வந்ததில்லை. நிச்சயதார்த்தத்துக்கு வந்த இடத்தில் கருமாதிச் செலவை விசாரிக்கிறானே என்பது போலப் பார்த்தார்.

“நல்ல நாள் அதுவுமா இன்னா பேச்சு சார் இது? சின்ன வண்டி. சந்துல பூந்து வரும், கோயில் வாசல்ல கூட நிறுத்தலாம். உங்க வூட்டம்மா, பசங்கோ, மாமியாரு, ஒரு மூட்ட அரிசி, எல்லாம் அடங்கும். இடிச்சா கிடிச்சான்னு... லாரி வந்து இடிச்சா லாரிக்கு ஒண்ணும் ஆவாது. போதுமா?”

சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். பெருமாள்சாமி சிரிக்கவில்லை. சுடலைக்கண்ணு அவர் முழங்கையைத் தொட்டு அப்பால் கூட்டிப் போய்ச் சன்னமாக ஏதோ சொன்னான். திரும்பி வந்தபோது கோதண்டத்தின் குரல் இறங்கியிருந்தது.

“சாரி சார். எனக்குத் தெரியாது. நல்லா பாரு, நிதானமா பாரு.”

சுடலைக்கண்ணு சொன்னது இதுதான். போன வருஷத்துக்கு முந்தின ஆடி மாதம், சுங்குவார்சத்திரத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் ரூமுக்கு ஒரே பைக்கில் மூன்று பேர் வந்தார்கள். பெருமாள்சாமி, அவன் மனைவி நாச்சியார், அவளுடைய தங்கை தங்கமாரி. அக்காளும் தங்கையும் ஒரே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஒரே ஷிப்ட். பஸ்ஸைத் தவற விட்டுவிட்டார்கள். கன்டெய்னர் லாரி ஒன்று ஒட்டிக்கொண்டு போனது. இடிக்கக்கூட இல்லை. ஒதுங்கின இடத்தில் மணல் கிடந்தது, வண்டி சறுக்கியது. முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் சிராய்ப்பு. கடைசியில் உட்கார்ந்திருந்த தங்கமாரி ரோட்டுப் பக்கம் விழுந்தாள். தலை அடிபட்டது. ஆஸ்பத்திரி வரை கூட அவள் தாங்கவில்லை.

காரியம் முடிந்ததும் நாச்சியார், மகள் மாரிசெல்வியோடு கோவில்பட்டிப் பக்கத்துத் தாய் வீட்டிலேயே தங்கிவிட்டாள். சண்டை போடவில்லை, பழி சொல்லவில்லை. “இனி ரெண்டு சக்கரத்துல நானும் ஏற மாட்டேன், எம் பிள்ளையையும் ஏத்த மாட்டேன்,” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அது கோபமாக இருந்தால் பெருமாள்சாமி ஆற வைத்திருப்பான். அது பயம். போனில் ஆற வைக்கிற சாமான் இல்லை.

அதனால்தான் கார். பெண்டாட்டியும் பிள்ளையும் திரும்பி வருவதற்கு இருக்கிற ஒரே வழி அந்தத் தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது என்று அவன் முடிவு கட்டியிருந்தான். மாரிசெல்விக்கு ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பு. அதற்குள் அவர்கள் வந்தாக வேண்டும். அதற்குப் பிறகு அந்த ஊர்ப் பள்ளிக்கூடம், அந்த ஊர்ச் சிநேகிதம் என்று வேர் பிடித்துவிடும்.

அங்கேயே வீடியோ காலில் கூப்பிட்டான். நாச்சியாரின் முகம் திரையில் பாதிதான் தெரிந்தது.

“நாச்சி, இங்க பாரு, ஏர்பேக்கு. இதுக்குள்ள. ரெண்டு இருக்கு.”

“பிள்ளைக்கு?”

“என்னது?”

“பிள்ள முன்னாடி உக்கார மாட்டால்லா. பின்னாடி தான உக்காருவா. பின்னாடி பெல்ட்டு இருக்கா?”

போனைப் பின்பக்கம் திருப்பினான். கதவோரக் கம்பத்தில் கறுப்பு பெல்ட் தொங்கியது.

“இருக்கு இருக்கு. எல்லாம் இருக்கு.”

“சரி,” என்றாள். அந்த ஒற்றைச் சொல் இத்தனை மாதத்தில் அவள் பேசினவற்றிலேயே நீளமான பேச்சு மாதிரி அவனுக்குப் பட்டது.

விலை படிந்த கதை நமக்கு வேண்டாம். விலை படிந்த பிறகுதான் உண்மையான வியாபாரம் ஆரம்பிக்கிறது. அதற்குக் கொசுறு என்று பெயர். கறிவேப்பிலை வாங்கினாலும் கார் வாங்கினாலும், கொடுத்த காசுக்கு மேலே ஒன்றைப் பிடுங்காமல் கடையை விட்டு இறங்கினால் வாங்கினவனுக்கு ராத்திரி தூக்கம் வராது. பிடுங்கவிடாமல் கொடுத்தால் விற்றவனுக்கு மரியாதை இல்லை.

“சீட்டு கவரு புதுசா போட்டுக் குடுங்க அண்ணாச்சி,” என்றான் பெருமாள்சாமி.

“அடப் போ சார். கிடைச்ச லாபமே வண்டி கழுவுன தண்ணிக்கு பூட்ச்சி. கவராம் கவரு.”

“டாக்டர் உக்காந்த சீட்டு. நோயாளி ஒருத்தரும் வாந்தி எடுக்கலைன்னு என்ன நிச்சயம்?” என்றான் சுடலைக்கண்ணு.

கோதண்டம் அவனை ஒரு பார்வை பார்த்தார். வியாபாரி வியாபாரியை அடையாளம் கண்டுகொள்கிற பார்வை. “ஏன்யா, நீ பிரஸ்ல நிக்கிறவனா, சந்தைல நிக்கிறவனா? சரி எடுத்துக்கோ. ரெக்ஸினு கவரு, பிஸ்கட் கலரு. டேஷ்போர்டுல ஒட்றதுக்குப் புள்ளையாரு. அதுக்கு மேல வாய தொறந்த, வண்டிய டாக்டருக்கே திருப்பிக் குடுத்துருவேன்.”

கொசுறாகக் கிடைத்த கவரில்தான் பெருமாள்சாமிக்கு மனசு நிறைந்தது. காரணம் உண்டு. அவன் கவர் பிரிக்காத மனிதன். டிவி ரிமோட் இன்னும் கண்ணாடிக் காகிதத்துக்குள் இருந்தது, பட்டன்களை அதற்கு மேலேயே அமுக்கி அமுக்கி எண்கள் தெரியாமல் போயிருந்தன. கம்பெனிப் பாதுகாப்பு வார விழாவில், வீட்டில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று நாலு வரி எழுதிப் பரிசு வாங்கிய ஹாட் பாக்ஸ், அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை. பைக் வாங்கியபோது கொசுறாகக் கேட்டு வாங்கிய இரண்டு ஹெல்மெட்டுகளில் ஒன்றுதான் கவரை விட்டு வெளியே வந்தது. கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஓவர்டைம் பார்த்து ஓவர்டைம் பார்த்து ஒரு பொருளை வீட்டுக்குள் கொண்டுவருகிறவர்களுக்கு, அது புதுசாக இருக்கிற வரைக்கும்தான் தாங்கள் ஜெயித்த மாதிரி இருக்கும். அந்த ரூம்கள் இருக்கிற தெருவில் எந்த வீட்டுக்குள் போனாலும் சோபா கூட பாலித்தீன் சட்டையோடுதான் உட்கார்ந்திருக்கும்.

கவர் மாட்ட வந்த ஆள் பின் சீட்டின் மேல் மண்டியிட்டு, ரெக்ஸினை இழுத்துப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

“சார், பெல்ட்டு மாட்ற பக்கிள வெளிய எடுத்து வுடணும்னா கவர்ல கிழிக்கணும். கிழிக்கவா, உள்ளயே அழுத்தி வுட்டுடவா?”

பெருமாள்சாமி முன்னால் பிள்ளையாருக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தான். ஏர்பேக் மூடியின் மேல் ஒட்டக்கூடாது என்று அவனுக்குத் தெரியும். அது வெடித்துத் திறந்தால் பிள்ளையார் பறந்து வந்து நெற்றியில் அடிப்பார். கம்பெனியில் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஓரமாக, மூடிக்கு அப்பால், ஸ்கேல் வைத்து அளக்காத குறையாக ஓர் இடத்தைத் தேர்ந்து கொண்டிருந்தான். அவ்வளவு கவனம். பின்னாலிருந்து காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தைதான், கிழிக்கவா.

“புதுக் கவரக் கிழிப்பாங்களாய்யா? விடு, டைட்டா இருக்கட்டும்.”

டைட்டாகத்தான் இருந்தது. மேலே ஒட்டியிருந்த பாலித்தீனையும் உரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

நாச்சியார் வருகிற வரைக்கும் வண்டி சும்மா நிற்கவில்லை. இரண்டாம் ஷிப்டுக்குப் பின் சீட்டில் நாலு பேர், சில நாள் ஐந்து. மழையில் நனையாமல் போய் இறங்கினார்கள். சுடலைக்கண்ணு முன் சீட்டை நிரந்தரமாகப் பட்டா போட்டுக்கொண்டான். சின்ன வண்டிதான், ஆனால் கோதண்டம் சொன்னது பொய்யில்லை, எல்லாம் அடங்கியது. கேஸ் சிலிண்டர் அடங்கியது. வீடு மாறின ஒருவனின் பீரோக் கதவு கூட, டிக்கி மூடாமல் கயிறு கட்டி, அடங்கியது. பின்னால் உட்கார்ந்தவர்கள் பாலித்தீன் தொடையில் ஒட்டுகிறது என்று கத்துவார்கள். “எம் பொண்டாட்டி வந்து பிரிப்பா, அது வரைக்கும் ஒட்டட்டும்,” என்பான் பெருமாள்சாமி. பெல்ட் எங்கே என்று ஒருவரும் கேட்டதில்லை. இந்த ரோட்டில் பின் சீட்டில் பெல்ட் போடுகிறவனை மற்றவர்கள் காய்ச்சல்காரன் மாதிரி பார்ப்பார்கள். முன்னால் மட்டும் அவன் யாரையும் விட்டதில்லை. “பெல்ட்டப் போடுல, அப்புறம் சாவியத் திருப்புதேன்.” ஒவ்வொரு நாளும் அதே பேச்சு.

மே மாதக் கடைசியில் நாச்சியார் வந்தாள். ஸ்ரீபெரும்புதூருக்கு ரயில் கிடையாது. தெற்கேயிருந்து வந்த பஸ்ஸில் சிங்கபெருமாள்கோவிலில் இறங்கிக்கொண்டாள். விடிந்து வெயில் ஏறியிருந்தது. பெருமாள்சாமி வண்டியைத் துடைத்து, பிள்ளையாருக்குப் பூ வைத்து, நேற்றே வந்தவன் மாதிரி காத்திருந்தான். மாரிசெல்வி அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, அப்பா என்பதை நிச்சயம் பண்ணிக்கொண்டு, ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

“எப்பா, இது நம்ம காரா?”

“நம்ம கார்தான்ளா.”

“உனக்கு ஓட்டத் தெரியுமா?”

“அவரு நல்லா ஓட்டுவாரு,” என்றாள் நாச்சியார். அதைச் சொன்னபோது அவள் சிரித்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. சிரித்தாள் என்றே வைத்துக்கொண்டான்.

அவள் பிள்ளையோடு பின் சீட்டில் ஏறினாள். கதவை மூடினாள், இழுத்துப் பார்த்தாள். பாலித்தீன் நொறுநொறுத்தது. அவன் வண்டியைக் கிளப்பினான். ஒரகடம் ரோடு காலை ஷிப்ட் பஸ்களால் நிறைந்திருந்தது. இரண்டு பக்கமும் கன்டெய்னர் லாரிகள். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் சின்ன வண்டி ஒரு பக்கமாக அசைந்தது. கண்ணாடியில் பார்த்தான். நாச்சியார் வெளியே பார்க்கவில்லை. பெல்ட்டை இழுத்து மகளின் மடி மேல் கொண்டுவந்து, இன்னொரு கையால் சீட்டின் இடுக்கில் துழாவிக்கொண்டிருந்தாள். துழாவினாள், தள்ளி உட்கார்ந்து துழாவினாள், பிள்ளையை எழுப்பி நிற்கவைத்துத் துழாவினாள்.

“இத எங்க மாட்டணும்?”

“அங்கதான் இருக்கும் பாரு, இடுக்குல.”

“இல்ல.”

“நல்லாப் பாரு நாச்சி.”

“நல்லாத்தான் பாக்கேன். இல்ல. வண்டிய நிப்பாட்டுங்க.”

ஒரகடம் கூட்டு ரோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினான். இறங்கிப் பின் கதவைத் திறந்தான். இடுக்கில் கை விட்டான். ரெக்ஸின் கல் மாதிரி இறுகியிருந்தது. விரலுக்கு அடியில், கவருக்குக் கீழே, கட்டி மாதிரி எதுவோ தட்டுப்பட்டது. அப்போதுதான் அவனுக்கு அந்தக் குரல் கேட்டது. கிழிக்கவா, உள்ளயே அழுத்தி வுட்டுடவா.

“ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்,” என்று டீக்கடைக்கு ஓடினான். பால் பாக்கெட் வெட்டுகிற பிளேடு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். பாலித்தீனைக் கிழித்தான். பிஸ்கட் கலர் ரெக்ஸினைக் கிழித்தான். நேராகக் கிழிக்க வரவில்லை, கோணலாகப் போயிற்று. பஞ்சு பிதுங்கியது. இரண்டு கையையும் உள்ளே விட்டு இழுத்தான். சிவப்புப் பொத்தானோடு பக்கிள் வெளியே வந்தது. தூசு கூட இல்லை. பெல்ட்டின் நாக்கை எடுத்துச் செருகினான். கிளிக் என்றது.

“பாத்தியா! இருக்கு. இருக்கு நாச்சி. நா சொன்னேம்லா?”

வேர்த்து விட்டிருந்தான். சிரித்துக்கொண்டிருந்தான். டீக்கடையில் கம்பெனி அட்டை மாட்டிய இரண்டு பேர் கிளாஸோடு வேடிக்கை பார்த்தார்கள்.

“எப்பா, இத எதுக்கு உள்ள ஒளிச்சு வச்சிருக்க?” என்று கேட்டாள் மாரிசெல்வி.

“ஒளிச்சு வைக்கலளா. கவரு... புதுக் கவரு. அழுக்காயிரும்னு...”

நாச்சியார் அந்தப் பக்கிளைப் பார்க்கவில்லை. கிழிந்து தொங்குகிற பாலித்தீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கும் ரெண்டாவது ஹெல்மெட்டு வண்டிலதான் தொங்கிட்டு இருந்துச்சு,” என்றாள். “ஹேண்டில்பார்ல. கடக்காரன் போட்டுக் குடுத்த கவரோட. தங்கமாரி கேட்டா. கவரக் கிழிக்கணுமே, ரூமு பக்கந்தான, எதுக்குன்னு சொன்னிய.”

அவன் வாயைத் திறந்தான். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“அவள எடுத்து ஆட்டோல போட்டப்ப அந்தக் கவருல ஒரு கீறல் இல்ல. நாம் பாத்தேன்.”

“நாச்சி... இனிமே எல்லாத்தையும் பிரிச்சிருதேன். வீட்டுல இருக்கிற எல்லாத்தையும். இன்னைக்கே.”

“நா கேட்டேன்லா, பின்னாடி பெல்ட்டு இருக்கான்னு. அது ஒண்ணுதான் கேட்டேன்.”

“இருந்துச்சே! தொங்கிச்சே, காட்டுனேனே?”

“ஒரு நாளாவது பின்னாடி வந்து உக்காந்து பாத்தியளா?”

அவன் பார்க்கவில்லை. முன்னால் விளக்கு எரிந்து அணைவதைப் பார்த்தான். பிள்ளையாருக்கு இடம் பார்த்தான். டயரில் காற்றைத் தினமும் பார்த்தான். பின் சீட்டில் உட்கார அவனுக்கு வேலையே வரவில்லை. அங்கே உட்காரப் போகிறவர்களுக்காகத்தான் வண்டியையே வாங்கினான்.

நாச்சியார் மகளின் பெல்ட்டைக் கழற்றினாள். சிவப்புப் பொத்தான் லேசாகத்தான் அமுங்கியது, நன்றாக வேலை செய்தது. இறங்கினாள். பிள்ளையை இறக்கினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“எங்க போற?”

“ஊருக்கு.”

“இப்பதான வந்த... ரூமப் பாத்துட்டாவது... பிள்ளைக்கு ஸ்கூலு...”

“உங்க மேல கோவம் இல்ல எனக்கு. சத்தியமா இல்ல. வண்டிய நல்லாத்தான் ஓட்டுறிய.” அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் அவன் கையைப் பிடித்திருப்பான். “என்னால ஏற முடியல. அவ்வளவுதான். இனி நீங்க எது வாங்கினாலும், நா கவருக்குள்ள தேடிட்டேதான் இருப்பேன்.”

சிங்கபெருமாள்கோவில் போகிற பஸ் எதிர்ப்பக்கம் வந்து நின்றது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே ஒரு இடைவெளி வருகிற வரைக்கும் பொறுத்து நின்று, அவள் ரோட்டைக் கடந்தாள். மாரிசெல்வி அம்மாவின் தோளுக்கு மேலாக அவனைப் பார்த்தாள். கையாட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பாதியில் தூக்கி வைத்திருந்தாள். பஸ் நகர்ந்தது.

கையிலிருந்த பிளேடைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தான். “டீ சொல்லட்டா சார்?” என்றார் கடைக்காரர். வேண்டாம் என்று தலையாட்டினான்.

போன் அடித்தது. சுடலைக்கண்ணு.

“மாப்ள, தங்கச்சியும் பிள்ளையும் வந்துட்டாவளா? இன்னைக்கு நீ லீவு போடு, நாங்க பஸ்ஸுல போயிக்கிடுதோம். அவ கையால மொத கவரப் பிரிக்கச் சொல்லுல, தொட பூரா ஒட்டிச் சாவுது...”

“பிரிச்சாச்சு,” என்றான். வைத்துவிட்டான்.

பின் கதவு திறந்தே கிடந்தது. டிரைவர் சீட்டுக்குப் போகாமல் அதன் வழியே உள்ளே போய் உட்கார்ந்தான். முழங்கால் முன் சீட்டில் முட்டியது. இவ்வளவு இடுக்கமாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. கதவைச் சாத்தினான். சீட்டில் இன்னும் பிள்ளை உட்கார்ந்த சூடு இருந்தது, அல்லது வெயில் சூடாக இருக்கலாம். பெல்ட்டை இழுத்து மார்புக்குக் குறுக்கே கொண்டுவந்து செருகினான். கிளிக் என்றது. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் வண்டி அசைந்தது, கிழிந்த பாலித்தீன் நொறுநொறுத்தது. பின்னாலிருந்து பார்த்தால் ரோடு இவ்வளவு பக்கத்தில் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியாது.